டுரியான் மரத்தை யாராவது அண்ணாந்து பார்க்கிறோமா?

டுரியான் பழ சீசன் வந்துவிட்டால் நம் மலேசியாவில் எல்லாருமே நிபுணர்கள்தான். ரகம் மூசாங் கிங்கா, டி24ஆ, பிளாக் தோர்னா, கிலோ எத்தனை ரிங்கிட், கசப்பா இனிப்பா, எந்தக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று மணிக்கணக்கில் பேசுவோம். மரத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

இப்போது தோட்டங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஒட்டுக் கன்று நட்டு, கவாத்து செய்து, அடக்கமாக வளர்த்த மரங்கள். அதை வைத்து டுரியானை எடை போடக்கூடாது. காட்டோரத்திலோ பழைய கம்பத்திலோ (கிராமத்திலோ) விதையில் முளைத்து, தாத்தா காலத்திலிருந்து நிற்கிற மரம் 30, 40 மீட்டர்கூடப் போகும். இலையின் மேல்பக்கம் பளபளவென்று பச்சை, அடிப்பக்கம் செம்பு நிறம், காற்றடித்தால் மரமே நிறம் மாறுகிற மாதிரி இருக்கும். அப்புறம், வெண்டைக்காயும் பருத்தியும் இலவமும் கொக்கோவும் இதற்குச் சொந்தக்காரர்கள், எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். வெண்டைக்காய் விஷயத்தை வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சரி, எனக்கு முக்கியமானது பூதான். சில வாரம் மழை இல்லாமல் காய்ந்தால் மரம் மொட்டு விடும், அதுவும் கிளை நுனியில் இல்லை, தடித்த கிளைகளிலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். பிற்பகலில் விரிய ஆரம்பித்து, இருட்டும்போது தேன் நிறைந்து, புளித்த பால் போன்ற ஒரு வாடை அடிக்கும். விடிவதற்குள் இதழும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிடும், கிளையில் சூலகமும் அதன் தண்டும் மட்டும் மிச்சம். ஆக ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் யாராவது வந்து மகரந்தத்தைக் கொண்டு போக வேண்டும், பெரும்பாலான ரகங்களில் தன் மரத்து மகரந்தம் தனக்கே சரியாகச் சேராது, வேறு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். ஒரே ரகத்தை மலை முழுக்க நட்டுவிட்டுக் காய் பிடிக்கவில்லையே என்று புலம்புகிறவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. சில தோட்டக்காரர்கள் ராத்திரியில் ஏணியும் தூரிகையுமாக ஏறிக் கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள்.

அந்த வேலையை இனாமாகச் செய்துகொண்டிருப்பது வௌவால்கள். பத்துமலைக்கு நாம் எத்தனை முறை போயிருப்போம்? 272 படி ஏறும்போது வழியில் பிரிகிற இருட்டுக் குகையில் தேன் குடிக்கும் வௌவால் கூட்டம் இருக்கிறது, டுரியான் பூவைத் தேடிப் போகிற இனம் அது. 1970களிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து, அவை ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரச் சதுப்புநில மரங்களின் பூ வரைக்கும் போய் வருகின்றன என்று எழுதிவிட்டார்கள். ஏன் அவ்வளவு தூரம்? டுரியான் வருடத்தில் சில வாரம்தான் பூக்கும், வௌவாலுக்கோ வருடம் முழுக்கப் பசிக்கும். மற்ற நாட்களில் பெத்தாய் மரத்துப் பூ, காட்டு வாழைப் பூ, சதுப்புநிலப் பூ என்று எங்கெங்கோ அலைந்தால்தான் உயிரோடு இருக்கும். சுண்ணாம்பு மலையை உடைத்தாலும் சதுப்புநிலக் காட்டை அழித்தாலும் டுரியான் விளைச்சல் அடிவாங்கும் என்பது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், பூவை நாசம் செய்கிறது என்று சொல்லிப் பெரிய பழந்தின்னி வௌவால்களைச் சுடுகிற தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். தியோமான் தீவில் மரத்தின் மேலேயே கேமரா வைத்து ஆராய்ச்சியாளர் ஷீமா அப்துல் அஜீஸ் குழுவினர் பார்த்தபோது, வௌவால் பூவைக் கெடுக்கவில்லை, அது வந்து போன பூக்கள் காயாகின்றன என்று தெரிந்தது. 2017இல் வெளியான ஆய்வு அது. சுடுகிறவர்கள் தங்கள் பழத்தையே சுடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பூவிலிருந்து பழம் விழ மூன்று நான்கு மாதம். தாய்லாந்தில் ஆள் ஏறி வெட்டி இறக்குவார்கள், பழம் பிறகு பழுக்கும், கப்பலேறித் தூரமாகப் போகும். நாம் தானாக விழும்வரை காத்திருக்கிறோம். பினாங்கின் பாலிக் பூலாவில் சரிவான தோப்புகளில் மரத்தடியில் வலை கட்டியிருப்பது அதற்குத்தான். விழுந்த பழத்தின் ருசிக்கு நிகரில்லை என்பது என் கட்சி, ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. சீனாவுக்கு முழுப் பழத்தை நாம் 2019இல் உறைய வைத்து அனுப்ப ஆரம்பித்து, உறைய வைக்காமல் புதுப் பழமாக அனுப்ப 2024 வரை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் வாங்கும்போது காம்பைப் பாருங்கள். காம்பில் புடைத்த வளையம் மாதிரி ஒரு கணு இருக்கும், தானாக விழுந்தது அந்த இடத்தில் வழவழவென்று கழன்றிருக்கும், வெட்டியதில் கத்தித் தடம் தெரியும். இதுவும் ஏமாற்ற முடியாத சோதனை இல்லை, கணுவை ஒட்டி நறுக்கிவிட்டால் என்ன செய்வது!

யாராவது தின்ற கொட்டையை நட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால், காயவைத்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், சில நாளிலேயே செத்துப்போகும் விதை அது. சதையைக் கழுவிவிட்டு உடனே மண்ணில் வையுங்கள். மூசாங் கிங் கொட்டையிலிருந்து மூசாங் கிங் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், காய்க்க ஏழெட்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். முக்கியமாக, கார் நிறுத்துகிற இடத்தைவிட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள்.