புள்ளை யாருக்குன்னு கேக்காதீங்க

நம்ம ஆளுங்க மத்தியில டைவர்ஸ் பேச்சு வந்தா போதும், ஆளுக்கொரு தீர்ப்பு ரெடியா இருக்கும். பையன்னா அப்பாவுக்கு, பொண்ணுன்னா அம்மாவுக்கு, சம்பளம் யாருக்கு ஜாஸ்தியோ அவங்க பக்கம்தான் ஜட்ஜு சாய்வாரு... என் தங்கச்சி (சித்தி பொண்ணு) கேஸ் நடந்தப்போ இப்படியே சொல்லி அவ தூக்கத்தை கெடுத்ததுதான் மிச்சம். சிங்கப்பூர்ல அப்படி ஒரு விதியும் கிடையாது.

பெண்கள் சாசனம் 1961ங்கிற சட்டம் (பேரைப் பாத்து பொம்பளைங்க பக்கம்னு நினைச்சுடாதீங்க) சொல்றது, புள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேல, அப்புறம்தான் அப்பா அம்மாவோட விருப்பம், சொந்தமா யோசிச்சு சொல்ற வயசுன்னா புள்ளையோட விருப்பமும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா கோர்ட், அது தனி வழி.

இங்க பலருக்கும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. கஸ்டடின்னா புள்ளை யார் வீட்டுல தூங்கும்ங்கிறது இல்ல, எந்த ஸ்கூல், பெரிய ஆபரேஷன், மதம் மாதிரி பெரிய முடிவுகளை யார் எடுக்கிறதுங்கிறது. கூடவே வச்சு வளக்குறதுக்கு கேர் அண்ட் கன்ட்ரோல்னு பேரு, கூட இல்லாத அப்பாவோ அம்மாவோ வந்து பாக்குறது ஆக்ஸஸ். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005லயே சொல்லிடுச்சு, ஒருத்தருக்கு மட்டும் கஸ்டடிங்கிறது அபூர்வமா நடக்குற விஷயம்னு. அதனால "கஸ்டடி வாங்காம விட மாட்டேன்"னு மல்லுக்கு நிக்கிறவங்க பாதி நேரம் எப்படியும் ரெண்டு பேருக்கும் சேந்து வரப்போறதுக்குத்தான் லாயருக்கு காசு கட்டிட்டு இருக்காங்க.

என் தங்கச்சியோட அஃபிடவிட்டுக்கு (கோர்ட்டுக்கு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற வாக்குமூலம்) லாயர் கேட்டது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஜுரம் வந்தா பாலிகிளினிக்குக்கு யார் தூக்கிட்டு ஓடுறது, ஸ்பெல்லிங் லிஸ்ட்டை யார் படிக்க வைக்கிறது, நீ நைட் ஷிஃப்ட் போனா வீட்டுல யாரு, ஸ்கூல் முடிஞ்சு புள்ளையைப் பாத்துக்கிற ஸ்டூடன்ட் கேர் சென்டர்ல கூப்பிட யார் பேரு குடுத்திருக்கு. அவ புருஷன் பக்கம் என்ன பண்ணாங்கன்னா வாட்ஸாப் சண்டையை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கத்தை கத்தையா வச்சாங்க. எனக்கென்னவோ அதைப் படிச்சா நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுவீங்கன்னு மட்டும்தான் தெரியும், புள்ளைக்கு யார் தலை சீவி விடுவாங்கன்னு தெரியாது.

சின்னக் குழந்தைன்னா அம்மாவோட ஒட்டுதலை ஜட்ஜு பாப்பாரு, ஆனா அதுவே முடிவு இல்ல, நிஜமாவே வளத்தது அப்பான்னா அவர்கிட்டயும் போகும். பழகின வீடு, பழகின ஸ்கூல், கூடப் பொறந்தவங்கள பிரிக்காம இருக்கிறது, இதுக்கெல்லாம் வெயிட் அதிகம். தேவைப்பட்டா ஜட்ஜே புள்ளைகிட்ட தனியா பேசலாம், இல்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட் பேசிட்டு ரிப்போர்ட் எழுதலாம், அந்த ரிப்போர்ட் பொதுவா ஜட்ஜுக்கு மட்டும்தான், அப்பா அம்மா கண்ணுல படாது.

ஊருக்குப் போற விஷயம்தான் நம்மளுக்கு பெரிய தலைவலி. கஸ்டடி பத்தி கோர்ட் ஆர்டர் இருக்கிறப்போ புள்ளையை வெளிநாடு கூட்டிட்டு போக இன்னொரு பெத்தவங்க எழுத்துல சம்மதிக்கணும் இல்ல கோர்ட் அனுமதி வேணும், வளக்குறவங்க ஒரு மாசத்துக்குள்ள திரும்புற மாதிரி போனா பரவாயில்ல. புள்ளையைக் கடத்திட்டுப் போனா திருப்பி அனுப்பச் சொல்ற ஹேக் ஒப்பந்தம் சிங்கப்பூர்ல 2011ல இருந்து இருக்கு, இந்தியா அதுல சேரல. சென்னைக்குப் போய் அங்கேயே உக்காந்துட்டா அந்த ஒப்பந்தத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அதான் ஸ்கூல் லீவுக்கு பாட்டி வீடுன்னாலே இங்க இருக்கிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வயித்துல புளி கரைக்குது. நிரந்தரமா போறதுன்னா, வளக்குறவங்க ஆசையையும் பாத்து, இன்னொருத்தரை புள்ளை எவ்வளவு இழக்கும்னும் பாத்துத்தான் சொல்லுவாங்க.

தங்கச்சி கேஸ்ல புள்ளை அவகிட்ட, கஸ்டடி ரெண்டு பேருக்கும். தீபாவளி ஒரு வருஷம் இங்க, மறு வருஷம் அங்க. பொங்கல் இங்க பப்ளிக் ஹாலிடே இல்லல்ல, ஆர்டர்ல அதை எழுதவே இல்ல, அதனால வருஷா வருஷம் ஜனவரி ஆனா வாட்ஸாப்ல அதுக்குன்னு ஒரு தனிச் சண்டை ஓடுது.