ஏறி இறங்கும் மேசை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்களும் ஷிப்ட் முழுக்க நின்றேதான் வேலை பார்க்கிறார்கள். நரம்புச் சுருட்டல் என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை வாங்கி நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கப்போகிறேன் என்கிற ஐடிக்காரர்கள் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. முக்கால் மணி உட்கார்ந்தால் கால் மணி நின்றால் போதும். அடிக்கடி மாற்றுவதற்குத்தான் அந்த மோட்டார்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடியுங்கள். ஐந்தரை அடி ஆளுக்கு நிற்கையில் ஏறத்தாழ 105 செ.மீ., உட்காருகையில் 66 வரும். ஆசாரி அடித்துத் தரும் வழக்கமான மேசை 75. தோளைத் தூக்கிக்கொண்டு டைப் அடிப்பதும் கழுத்துப் பிடிப்பும் அதனால்தான். ஐந்தடிக்காரர்களுக்கு உட்காரும் உயரம் அறுபதை ஒட்டி வரும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள இரண்டடுக்குக் கால்கள் பெரும்பாலும் 70-க்குக் கீழே இறங்காது, மூன்றடுக்குதான் சரி. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் பலகை இல்லாத ஃபிரேமின் உயரம். பலகையின் கனத்தை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபிரேமை மட்டும் வாங்கி, பலகையை உள்ளூரில் அறுத்துக்கொள்ளலாம். நாலுக்கு இரண்டடி, 25 மி.மீ. பிளைவுட். 18 மி.மீ. போட்டால் திருகின் நீளம் 16-க்கு மேல் போகக்கூடாது, மைக்காவைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். சமையல் மேடையில் மிஞ்சிய கிரானைட்டைப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த அளவுக் கல்லே நாற்பது கிலோ வரும். ஒற்றை மோட்டார் தூக்குவதோ எழுபது, எண்பது கிலோ.

சுவரையும் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கல் பட்டை மூன்றடியில் இருந்தால், மேசை ஏறும்போது பின்விளிம்பு அதில் மாட்டும். மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். ஸ்பைக் பஸ்டரைப் பலகைக்கு அடியில் திருகிவிட்டு எல்லா அடாப்டரையும் அதிலேயே சொருகினால், சுவருக்கு ஒரே ஒயர்தான் போகும். அதன் நீளத்தை மேசையை முழு உயரத்துக்கு ஏற்றி வைத்து அளக்க வேண்டும். கீழே இருக்கையில் அளந்தால், முதல்முறை ஏற்றும்போதே பிளக்கைப் பிடுங்கும். சிபியு தரையில் இருந்தால் மானிட்டர் கேபிளும் அப்படித்தான். அங்கே பிளக் அல்ல, போர்ட்டே போகும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் காலையிலேயே மேசையை இறக்கி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பொழுதோட கரண்ட் வரும்வரை நிற்க வேண்டியதுதான். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மோட்டாரை ஓட்டாதீர்கள். கரண்ட் வந்தபின் மேசையின் பட்டன் அருகே உள்ள சிறு திரையில் எரர் காட்டினால், இறக்கும் பட்டனை அழுத்தி அடிவரை இறக்கி, விட்டு, மறுபடி பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கால்கள் லேசாக அமுங்கி எழும். அதுதான் ரீசெட். குழந்தைகள் ஏற்றி இறக்கி விளையாடி நின்றுபோனால் பழுது என்று பதற வேண்டாம். தொடர்ந்து 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு என்பதுதான் பெரும்பாலான மோட்டார்களின் கணக்கு.

டைல்ஸ் தரையில் நிற்பதற்கு 15 முதல் 20 மி.மீ. ரப்பர் மேட் வேண்டும். பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் வழுக்கும்.

நின்று டைப் அடிக்கையில் மானிட்டர் ஆடினால், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். ஒரு மாத ஓட்டத்தில் அவை தளரும். இறுக்கியும் ஆடினால், டைல்ஸ் மட்டம் சரியில்லை. பாதத்தின் அடியில் இருக்கும் திருகைத் திருப்பி நான்கு மூலையும் தரையைத் தொடும்படி செய்யுங்கள்.