61 வயதில் இடுப்பை முதலில் கிளப்பியது

58 வயதில், கோல்ஃபில் தூரமாக அடிக்கும் நீள மட்டையான டிரைவரால் அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து போக ஆரம்பித்தது. தூரமும் குறைந்தது. பலம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் வேகமாக வீசினேன். அந்த வலப்பக்க வளைவு, அதாவது ஸ்லைஸ், அதிகமானதுதான் மிச்சம். மூன்று வருடம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு பயிற்சியாளர் நொடிக்கு 240 ஃப்ரேம் வீதம் ஃபோனில் படமெடுத்து, விரலால் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். "இங்க பாருங்க சார். இடுப்பு கிளம்பவே இல்லை, தோள் அதுக்குள்ள பாதி சுத்திடுச்சு." கிளப்பை, அதாவது மட்டையை, மேலே கொண்டுபோகும் பேக்ஸ்விங் 140 ஃப்ரேம், கீழே வீசும் டவுன்ஸ்விங் 82. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கிளப் மேலே போகும் நேரம், இறங்கும் நேரத்தைப்போல சுமார் மூன்று மடங்கு. எனக்கு இரண்டு மடங்குகூட இல்லை.

இறங்கும்போது இடுப்பு, மார்பு, கை, கடைசியில் கிளப் என்று வரிசையாக வேகமெடுக்க வேண்டும். எல்லாம் கால் நொடிக்குச் சற்று மேல் முடிந்துவிடும். வயதாக ஆக வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் முதலில் மெலிகின்றன. மேல்முதுகும் இடுப்பு மூட்டும் பழையபடி திரும்புவதில்லை. என் உடம்பு திரும்பாமல் விட்டதைக் கை அவசரமாக ஈடுகட்டப் பார்த்திருக்கிறது.

முதல் மாற்றம், பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தூக்க விட்டது. இடுப்பு அப்போதே தாராளமாகத் திரும்பியது. அடுத்து, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம், நிமிடத்துக்கு 200 தட்டு. மூன்று தட்டு மேலே, நான்காவதில் பந்து. மேலே போக அத்தனை நேரம் எடுப்பது முதலில் சகிக்க முடியாத மந்தமாகத் தெரிந்தது. கூடவே, கால்களைச் சேர்த்து நின்று, கிளப் உச்சியைத் தொடும் முன்பே இடது காலை எட்டி வைக்கும் பயிற்சி. எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான். கால் முதலில் போனால் இடுப்பு தானாக அதைத் தொடர்ந்து வந்துவிடும்.

2009 பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியில் 59 வயது அமெரிக்க வீரர் டாம் வாட்சன், சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் வரை போன ஆட்டத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் எங்கேயும் அவசரப்படவில்லை.

ஐந்து மாதம் கழித்து எடுத்த படத்தில் பேக்ஸ்விங் 210, டவுன்ஸ்விங் 74. பழைய தூரம் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் பந்து நேராகப் போகிறது. களைத்துப்போனால் மட்டும் இடுப்பு மறுபடி பின்தங்குகிறது. அதனால் 14-வது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடமான டீயில் பந்தை வைக்கும் முன், இடது காலை எட்டி வைத்து ஒருமுறை வெறுமனே வீசிப் பார்த்துக்கொள்கிறேன்.