விசைப்படகு கிளாஸ்ல இருந்து நாட்டுப்படகு பிறக்குமா?

புரோகிராமை ஆப்ஜெக்ட்டுங்களா, அதாவது டேட்டாவும் அதுக்கான வேலையும் சேந்த பொட்டலங்களா, பிரிச்சு எழுதுற ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறை நல்லதா கெட்டதான்னு யாராவது கேட்டா, அதுல நீங்க எதைச் சொல்றீங்கன்னுதான் நான் முதல்ல திருப்பிக் கேப்பேன். அந்த ஒரு பேருக்குள்ள வேற வேற சங்கதி கெடக்கு. டேட்டாவை உள்ள மூடி வச்சிட்டு, மெத்தட்னு அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ள இருக்குற ஃபங்ஷன் வழியா மட்டும் தொட விடுறது ஒண்ணு. வெளிய இருந்து ஒரே மாதிரி கூப்பிட்டாலும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யுறது இன்னொண்ணு. ஆப்ஜெக்ட் எப்படி இருக்கணும்னு சொல்ற அச்சுதான் கிளாஸ், ஒரு கிளாஸ்ல உள்ளதை அப்படியே வாங்கிக்கிட்டு இன்னொரு கிளாஸை உருவாக்குற இன்ஹெரிட்டன்ஸ் வேறொண்ணு. முதல் ரெண்டுக்காக நான் யார்கிட்ட வேணா வாதாடுவேன், மூணாவதுக்கு மாட்டேன்.

ஏன்னு சொல்றேன். ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல ஒரு மீன் கம்பெனிக்கு தெரிஞ்ச தம்பி ஒருத்தன் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருக்கான், நல்ல பையன், ஜாவாங்கிற புரோகிராம் மொழியில சுத்தமா எழுதுவான். படகுன்னு ஒரு கிளாஸ், அதுக்கு கீழ விசைப்படகு, நாட்டுப்படகுன்னு ரெண்டு பிள்ளைங்க. டீசல் கணக்கு, எஞ்சின் வேலை செலவு எல்லாம் விசைப்படகு கிளாஸ்ல. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கே, அதுவும் விசைப்படகுக்குத்தான், அதனால அந்த ரூலும் அங்கயே. பாக்க கச்சிதமா இருந்துச்சு. அப்புறம் எஞ்சின் பொருத்தின நாட்டுப்படகு ஒண்ணு கணக்குக்குள்ள வந்துச்சு. டீசல் கணக்கு அதுக்கும் வேணுமே, திருப்பி எதுக்கு எழுதணும்னு விசைப்படகு கிளாஸுக்கே பிள்ளையா எக்ஸ்டெண்ட் பண்ணிட்டான். ஏப்ரல் 15 காலையில அந்தப் படகுக்கு மீன் வரவு போட விடாம தடைக்காலம்னு ஸ்கிரீன் நின்னுருச்சு. படகுக்காரர் கடலுக்குப் போயிட்டு வந்து நண்டோட நிக்கிறார், அவரு போறதுக்கு தடையே கிடையாது.

தம்பி ஒடனே நாட்டுப்படகு பக்கம் ஒரு ஓவர்ரைடு, அதாவது அம்மா கிளாஸ்ல இருந்து வந்ததை மாத்துற வரி, எழுதி தடைக்காலம் இல்லன்னு ஆக்கிட்டான், வேலை நடந்துச்சு. ஆனா வியாதி அது இல்ல. எஞ்சின் இருக்குறதும் தடைக்காலம் பொருந்துறதும் ரெண்டு தனித்தனி விஷயம், ஒரே அம்மாகிட்ட இருந்து ரெண்டையும் சேத்து வாங்கினதுதான் வியாதி. படகுக்குள்ள எஞ்சின்னு ஒரு ஆப்ஜெக்ட், வலைன்னு ஒரு ஆப்ஜெக்ட், அனுமதின்னு ஒரு ஆப்ஜெக்ட்டுன்னு வச்சிட்டா எந்தப் படகுக்கு எது வேணுமோ அதை மாட்டிக்கலாம், அம்மா பிள்ளைன்னு ஒரு மரமே வேண்டியதில்ல. இது ஒண்ணும் புதுசு இல்ல, 1994ல நாலு பேரு சேந்து எழுதின டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்துலயே இன்ஹெரிட்டன்ஸைவிட ஒண்ணுக்குள்ள ஒண்ணை வச்சுக் கட்டுறதையே விரும்புங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க. 2009ல கூகுள் வெளியிட்ட கோ மொழியில கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது, 2015ல 1.0 பதிப்பு வந்த ரஸ்ட் மொழியிலயும் கிடையாது. ஆனா காலேஜ்ல இன்னமும் விலங்கு கிளாஸ், அதுல இருந்து நாய் கிளாஸ், குரைக்கும் மெத்தட்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பிள்ளைங்க எதைப் பாத்தாலும் யாரு அப்பன் யாரு மகன்னு தேட ஆரம்பிச்சிருதுங்க, எனக்கு அதுல நெஜமாவே வருத்தம்.

இன்னொரு எடத்துலயும் இடிக்கும், இதை யாரும் அம்புட்டா பேசுறதில்ல. ஏலத்துல மீன் போகுது. படகு இருக்கு, வியாபாரி இருக்காரு, மீன் இருக்கு, நடுவுல கமிஷன் பிடிக்கிற கம்பெனி இருக்கு. விற்பனைங்கிற மெத்தட் இப்ப யாருக்குள்ள போகணும்? படகு விக்குதா, வியாபாரி வாங்குறாரா, மீன் தன்னைத்தானே வித்துக்குதா? ஜாவால எல்லாத்தையும் ஏதாச்சும் ஒரு கிளாஸ்க்குள்ள வச்சே ஆகணும், அதனால விற்பனை மேனேஜர், கணக்கு ஹெல்பர்னு உசுரே இல்லாத கிளாஸ் எல்லாம் பிறக்குது. உள்ள பாத்தா டேட்டா ஒண்ணுமே இருக்காது, சும்மா ஃபங்ஷனுங்க வரிசையா நிக்கும். அன்னன்னைக்கு சாயங்காலம் இறால் எத்தனை கிலோ, கணவாய் எத்தனை கிலோன்னு கூட்டிச் சொல்ற ரிப்போர்ட்டும் அப்படித்தான், அது எந்த ஆப்ஜெக்ட்டோட வேலையும் இல்ல, பைத்தான்ல ஒரு ஃபங்ஷன் ஒரு லூப்போட முடிஞ்சிரும்.

அப்ப இது எதுக்குத்தான் லாயக்குன்னா, பிறந்த எடத்தைப் பாத்தா புரியும். 1960கள்ல நார்வேயில ஓலே-யோஹான் தால், கிறிஸ்டன் நிகார்டுன்னு ரெண்டு பேரு சிமுலேஷன், அதாவது நெஜத்துல நடக்குறதை கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்குறது, பண்றதுக்காக ஒரு மொழி உண்டாக்குனாங்க, அதுதான் சிமுலா, கிளாஸும் சப்கிளாஸும் சிமுலா 67லயே வந்துருச்சு. சிமுலேஷன்னா வரிசையில நிக்கிற ஆளு, வண்டி, கப்பல்னு ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா ஒரு நெலமை, சொந்தமா ஒரு நடவடிக்கை. நம்ம பாம்பனையே எடுத்துக்கங்க. 1914ல வந்த பழைய ரயில் பாலம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு வழிவிட்டுச்சு, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி அப்படியே நேரா மேல தூக்கும். இதை சிமுலேட் பண்ணணும்னா பாலம் ஒரு ஆப்ஜெக்ட், ரயில் ஒரு ஆப்ஜெக்ட், கால்வாயில காத்துக்கிட்டு நிக்கிற ஒவ்வொரு கப்பலும் ஒரு ஆப்ஜெக்ட். தூக்குன்னு பாலத்துக்கு மெசேஜ் அனுப்பினா போதும், விரியுமா மேல போகுமாங்கிறது அந்தந்தப் பாலத்தோட பாடு, மேல ரயில் இருந்தா மாட்டேன்னு அதுவே சொல்லிரும். இங்க ஆப்ஜெக்ட்டைவிட்டா எனக்கு வேற வழி யோசிக்கவே தோணல. ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஆலன் கே அதை வச்சு திரும்பத் திரும்பச் சொன்னதும் இந்த மெசேஜைத்தான், கிளாஸை இல்ல.

இதுக்கு கிளாஸ்னு ஒரு கீவேர்டு இருக்கணும்னுகூட கட்டாயம் இல்ல. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல் பெரும்பாலும் கிளாஸே இல்லாத சி மொழிதான், ஆனா உள்ள எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு காட்டுற பாயின்டர்களை ஸ்ட்ரக்ட்னு ஒரு பெட்டியில அடுக்கி வச்சு, டிஸ்க்குல இருக்குற ஃபைலா, ரெண்டு புரோகிராமை இணைக்கிற பைப்பா, டிவைஸான்னு பாக்காம ஒரே ரீடு கால்ல படிக்க வச்சிருக்காங்க.

கீழக்கரைக்கார நண்பன் ஒருத்தன் ஃபங்ஷனல் கட்சி, அதாவது ஒருதடவை வச்ச மதிப்பை மாத்தாம ஃபங்ஷன்களாலயே எழுதணும்ங்கிறவன், அவனுக்கு டேட்டாவை ஆப்ஜெக்ட்டுக்குள்ள மூடி வைக்கிறதும் ஆகாது. "மச்சான், பாக்கின்னு ஒரு வேரியபிளை வச்சு ஏத்தி எறக்குறதே தப்புடா, கடையில ரெண்டு போன்ல ஒரே நேரத்துல ஒரே படகுக்கு ஐஸும் டீசலும் பதிஞ்சா எது நிக்கும்?"னு கேக்குறான். நியாயமான கேள்வி. முன்பணம், ஐஸ், டீசல், கமிஷன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனி வரியா சேத்துக்கிட்டே போயி, பாக்கி வேணுங்கிறப்போ கூட்டிக்கிட்டா அந்தச் சிக்கல் வராது, பழைய கணக்கு நோட்டுலயும் யாரும் அழிச்சு எழுதுறதில்லையே. இதை நான் முழுசா ஒத்துக்கிறேன். ஆனா அந்த வரியை யாரு சேக்கலாம், கமிஷன் கழிக்காம ஏல வரவு உள்ள போகலாமா, முன்பணத்துக்கு மேல பிடித்தம் போடலாமான்னு பாக்குறதுக்கு ஒரு வாசல் வேணும், எல்லா ஸ்கிரீனும் நேரா டேபிள்ல கை வச்சா யாரு எங்க போட்டாங்கன்னு தேடியே விடிஞ்சிரும். அவன் அந்த வாசலை மாட்யூல்ங்கிறான், அதாவது ஃபங்ஷன்களை ஒண்ணா கட்டி வச்ச ஒரு தொகுப்பு, நான் ஆப்ஜெக்ட்ங்கிறேன். தம்பிகிட்ட இப்ப அப்படித்தான் மாத்தச் சொல்லியிருக்கோம்: கணக்கு ஒரு ஆப்ஜெக்ட், வரிங்க மாறாது, விற்பனை யாருக்குள்ளயும் போகாம தனி ஃபங்ஷன், படகுக்கு அப்பனும் இல்ல பிள்ளையும் இல்ல. "அண்ணே, காலேஜ் வைவால, வாய்மொழியா கேக்குறப்போ, இன்ஹெரிட்டன்ஸ் எங்கன்னு கேட்டா?"ன்னான். இந்த புரோகிராமுக்கு ஏன் வேண்டியதில்லன்னு எஞ்சின் வச்ச நாட்டுப்படகைக் காட்டிச் சொல்லு, முழு மார்க்கும் போடணும்னு சொல்லியிருக்கேன்.