புதுச் சிற்றினம் என்று அறிவிக்கும் முன்: காளான் வகைப்பாட்டில் நான் கற்றவை

காளான் வகைப்பாட்டுக்குப் படிக்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் டி.என்.ஏ. பற்றித்தான் கேட்கிறார்கள். ஒழுங்காக உலர்த்திய மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வை அடுத்த வருடம்கூட எடுக்கலாம். வாசனையை எடுக்க முடியாது. என் ஓட்டு பறித்த அன்றே எழுதும் குறிப்புக்குத்தான்.

தண்டை ஒடிக்காதீர்கள், கத்தியை மண்ணுக்குள் விட்டு அடியோடு நெம்புங்கள். அமானிட்டா பேரினத்தின் அடிப்பை (தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் பை போன்ற உறை) பெரும்பாலும் மண்ணில் புதைந்திருக்கும். அது போனால் பாதி அடையாளம் போச்சு. பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துக் குழைந்துவிடும். அருகில் நிற்பது என்ன மரம் என்பதையும் எழுதுங்கள். வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் காளான்களுக்கு அது பெரிய துப்பு.

ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். சில பொலீட் வகைகளின் (குடைக்கு அடியில் செவுளுக்குப் பதில் துளைகள் கொண்டவை) சதை கண்ணெதிரே நீலமாகும். லாக்டேரியஸ் பேரினத்தில் பால் போன்ற சாறு கசியும். அது நிறம் மாறுகிறதா, எத்தனை நிமிடத்தில் என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். இன்னொன்றின் குடையைக் கழற்றி, பாதி வெள்ளை பாதி கறுப்பான காகிதத்தில் செவுள் (குடையின் அடியில் உள்ள மெல்லிய தகடுகள்) கீழ்நோக்க வைத்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் ஸ்போர் (காளானின் விதை போன்ற நுண்துகள்) படிவு தயாராக இருக்கும். (வெள்ளை ஸ்போரை வெள்ளைத்தாளில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?) மிச்சத்தை மிதமான சூட்டில் மொறமொறவென்று உலர்த்துங்கள்.

நுண்ணோக்கியில் ஸ்போரின் நீள அகலம், சுவரின் வேலைப்பாடு, மெல்சர் என்னும் அயோடின் கரைசலில் நீலக்கறுப்பாகிறதா என்பது முக்கியம். நாலைந்து ஸ்போரை அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், குறைந்தது இருபது வேண்டும்.

அடுத்து டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ். என்ற பகுதி. 2012இல் பூஞ்சைகளுக்கான பொதுப் பார்கோடாக (சிற்றினத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டாக) முன்மொழியப்பட்டது இதுதான். தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. பெயரிடப்பட்ட பல சிற்றினங்களுக்கு அங்கே டி.என்.ஏ. வரிசையே கிடையாது. தப்பான பெயரில் ஏற்றியவையும் ஏராளம். நூறு வருடத்துக்கு முன் யாரோ விவரித்துவிட்டுப் போன காளானாக உங்களுடையது இருக்கலாம். ஆகவே பழைய விவரிப்புகளையும் மூல மாதிரிகளையும் (பெயர் வைக்க ஆதாரமாக வைத்த மாதிரிகள்) பார்த்தே ஆகவேண்டும். அலுப்பான வேலை, ஆனால் ஆய்வே இதுதான்.

புதுசு என்பது அடர்காட்டில்தான் கிடைக்கும் என்றும் இல்லை. லண்டன் கடையில் வாங்கிய உலர்ந்த போர்சினி (உண்ணும் பொலீட் காளான்) பொட்டலம் ஒன்றின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, அதுவரை பெயரிடப்படாத மூன்று சிற்றினங்களை 2014இல் வெளியிட்டார்கள்.

பெயர் வைக்கும் கட்டத்தில் விதிகளைப் படியுங்கள். 2012 முதல் விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். 2013 முதல் மைகோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் கட்டாயம். மூல மாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிக் காப்பகத்தில்) ஒப்படைத்து அதன் எண்ணையும் கட்டுரையில் தரவேண்டும். பதிவு எண் வாங்கிய கையோடு பெயர் செல்லுபடியாகிவிடாது. கட்டுரை முறைப்படி வெளிவந்த பிறகே ஆகும்.