தங்கைக்கு வயது 34

“இந்த வயசுல என்ன வந்துடப் போகுது, கேஸ்ட்ரிக்தான்.” இதைக் கேட்டே ஏழு மாதம் ஓடிவிட்டது. வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுப்பார்கள். தங்கை பாதித் தோசையிலேயே “வயிறு ரொம்பிடுச்சுக்கா” என்று தட்டைத் தள்ளுவாள். உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் வலிக்கிறது.

கறுப்பாக மலம் போன பிறகுதான் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி பினாங்குத் தீவுக்குப் போய், வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் எடுத்தோம். இரைப்பைச் சுவர் விறைத்திருந்தது. நோய் அடிச்சுவரில் ஒளிந்திருக்கலாம் என்று பல இடங்களில் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் என்று வந்தது.

எங்கள் மாமாவுக்கும் 71 வயதில் இரைப்பைப் புற்றுநோய்தான். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். டாக்டர் காகிதத்தில் வரைந்தே காட்டினார். வயதானவர்களிடம் அதிகம் காண்பது, ஹெலிகோபாக்டர் கிருமியால் பல வருடம் புண்பட்ட சுவரில் கட்டியாக வளரும் வகை. அது பெரும்பாலும் ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். மாமாவுக்கும் அப்படித்தான் போனது. தங்கைக்கு வந்தது இளம் வயதினரிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாகக் காணும் வகை. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மாவில் கலந்த உப்பு மாதிரி சுவர் முழுக்கப் பரவும். வயிற்றின் உள்ளுறையில் அது சிந்தியிருந்தால் சிடி ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அதனால் தொப்புள் பக்கம் துளையிட்டு கேமராவில் பார்த்தார்கள். நல்லவேளை, அங்கே ஒன்றும் இல்லை.

“சின்ன வயசுங்கிறதாலதான் வேகமாப் பரவுதா டாக்டர்?”

“வயசு மட்டும் காரணம் இல்லைம்மா. இந்த வகை ஒரு காரணம், யாரும் சந்தேகப்படாம லேட்டா வர்றது இன்னொண்ணு. ஒரே கட்டத்துல கண்டுபிடிச்சா, சின்ன வயசுக்காரங்க பின்தங்கறதில்லை. உடம்பு சிகிச்சையைத் தாங்கும்.”

அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. இந்த வகை பரம்பரையாக வந்ததா என்று பார்க்க, சிடிஎச்1 என்ற மரபணுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், கோளாறு இல்லை.

அப்புறம் நான்கு கீமோ, இரைப்பை முழுவதையும் எடுக்கும் அறுவை, மறுபடி நான்கு கீமோ. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். பி12 ஊசி ஆயுள் முழுக்க உண்டு.

ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று அம்மாவும் நானும் மூச்சுச் சோதனை செய்துகொண்டோம். அம்மாவுக்குக் கிருமி இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை. ஒரு வேளைகூட விடாமல் தங்கைதான் எடுத்துக் கொடுத்தாள்.