இருபது நிமிடம் உறையாத ரத்தம்

பெங்களூரு கனகபுரா சாலையை ஒட்டி, இன்னும் பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் ஒரு லேஅவுட்டில் எங்கள் வீடு. 2024 ஆகஸ்ட், மழை விட்ட ஒரு மாலை. பக்கத்து மனையில் ஒடிந்து விழுந்த முருங்கைக் கிளையை எடுக்க அப்பா புல்லுக்குள் கையை விட்டார். குக்கர் சீறுவதுபோல ஒரு சத்தம் கேட்டதாம். இடது மோதிர விரலில் இரண்டு துளி ரத்தம். எதிரே கட்டடக் காவலில் இருக்கும் பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்து, "கொளக்கு மண்டலா" என்றார். நம் கண்ணாடி விரியனுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

மணி 6.40. முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றினேன். சற்று நேரத்தில் விரல் வீங்கிய வேகத்தைப் பார்த்தபோது, தாமதித்திருந்தால் அதை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும் என்று புரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் துண்டை முறுக்கிக்கொண்டு கையைக் கட்ட ஓடிவந்தார். நல்ல மனத்தோடுதான் வந்தார், ஆனாலும் நான் விடவில்லை. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமும் நின்று கையே போய்விடலாம். கீறவோ, வாயால் உறிஞ்சவோ, ஐஸ் வைக்கவோ கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு மர ஸ்கேலை வைத்துத் துப்பட்டாவால் தளர்வாகச் சுற்றி, அவரை நடக்க விடாமல் நாற்காலியோடு தூக்கிக் காரில் ஏற்றினோம். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான்.

அதன்பின் ஒரு தவறு செய்தேன். வழியில் முதலில் தென்பட்ட நர்சிங் ஹோமில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெயரும் வயதும் எழுதினார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள், யாருக்கோ போன் செய்தார்கள். 25 நிமிடம் கழித்து, விஷமுறிவு மருந்து தங்களிடம் இல்லை என்றார்கள். இன்றும் அந்த 25 நிமிடத்தை நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது. கிளம்பும்போதே ஒரு போன் போட்டு, "மருந்து கைவசம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையை அடைந்தபோது மணி 7.50. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. ஓர் இளம் மருத்துவர் அப்பாவின் மறு கையிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். "இருபது நிமிடம் யாரும் தொடாதீர்கள்" என்றார். நல்ல ரத்தமாக இருந்தால் அதற்குள் கட்டியாகிவிடும், குழாயைக் கவிழ்த்தாலும் வழியாது. விரியன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் சத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடுகிறது. அப்பாவைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்ததும் மருத்துவர் அதைச் சாய்த்தார். தண்ணீர்போல ஓடியது. அதற்குள் அப்பாவின் ஈறிலும் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

10 குப்பி மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றினார்கள். குதிரை ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து என்பதால் ஒவ்வாமை வரலாம் என்று அட்ரினலின் ஊசியை முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வாமை வந்தது. உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கம். சொட்டை நிறுத்தித் தொடையில் அட்ரினலின் போட்டு, தணிந்ததும் மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். அந்த நேரத்தில் "மருந்தே வேண்டாம், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று அம்மா அழுதார். மருந்து நின்றால் உயிர் நிற்காது என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது குழாய். அதிலும் உறையவில்லை, இன்னும் 10 குப்பி. மறுநாள் காலை மூன்றாவது குழாயைச் செவிலியர் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ரத்தம் அசையாமல் நின்றது.

இந்த மருந்துக்கான விஷத்தைப் பெருமளவு தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம். அப்பா செங்கல்பட்டுக்காரர். இதைச் சொன்னதும், தான் சிறுவயதில் பார்த்த இருளர் குடும்பங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

விரியன் விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால் ஐந்து நாள் சிறுநீரை அளந்து எழுதினோம். 2024 பிப்ரவரியிலிருந்து கர்நாடகத்தில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். எங்கள் விவரமும் அப்படிப் பதிவானது.

வீடு திரும்பியதும் பக்கத்து மனைப் புல்லை ஆள் வைத்து வெட்டினோம். எலி அண்டும் செங்கல் குவியலை அகற்றினோம். இருட்டினால் டார்ச்சும் கம்பும் இல்லாமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. அப்பாவுக்குத் தரையில் படுக்கும் பழக்கம் உண்டு. கட்டுவிரியன் இரவில் வரும், கடித்தது வலிகூடத் தெரியாது என்பதால், கட்டிலும் கொசுவலையும் வாங்கினோம்.

ஒன்பதாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தன. விஷமுறிவு மருந்து ஏற்றியவர்களுக்கு ஓரிரு வாரத்தில் இப்படி வரலாம், வந்தால் உடனே வாருங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அன்றே போனோம். சில நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது.